படிப்பு விசா வேறு, பி.ஆர். வேறு

 கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் யோசனையில் இருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஆஸ்திரேலியாவுல ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் படிச்சா பி.ஆர். கெடச்சிடும்னு கன்சல்டன்சியில சொல்றாங்க. வீட்டுப் பத்திரத்த வெச்சு அனுப்பலாமா?" என் பதில் இது: பிள்ளை படிக்க விரும்பினால் அனுப்புங்கள். பி.ஆர். வரும் என்ற கணக்கில் வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

முதலில் ஒன்று. பி.ஆர். என்பது குடியுரிமை அல்ல. அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கி வேலை செய்யும் உரிமை. படிப்பு விசாவின் தொடர்ச்சியாக அது தானாக வராது. படிப்பு முடிந்ததும் கிடைப்பது 485 என்கிற தற்காலிக விசா. மாஸ்டர்ஸ் முடித்த இந்தியருக்கு, இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி, மூன்று ஆண்டு வரை. அந்த மூன்று ஆண்டுக்குள் தகுதியான ஒரு தொழிலில் திறன் மதிப்பீடு வாங்கி, புள்ளிகள் சேர்த்து, அரசு அழைத்தால்தான் புள்ளி முறையில் பி.ஆருக்கு விண்ணப்பமே போட முடியும்.

அந்தப் புள்ளிக் கணக்கைப் போட்டே பார்ப்போம். 25 முதல் 32 வயதுக்குள் இருந்தால் 30 புள்ளி. பட்டப்படிப்புக்கு 15. அங்கே இரண்டு ஆண்டு படித்ததற்கு 5. கல்யாணம் ஆகாதவர் என்றால் 10. ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணுக்கு 10, மிக உயர்ந்த மதிப்பெண்ணுக்கு 20. நம் பிள்ளை ஒன்றுக்கு 70 வருகிறது என்று வையுங்கள். தேவையான குறைந்தபட்சம் 65. "பார்த்தீங்களா, பாஸ்!" என்று கன்சல்டன்சி சொல்லும்.

பாஸ்தான். பத்தாம் வகுப்பில் 35 வாங்கினாலும் பாஸ்தான். கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் வேண்டும் என்றால் பாஸ் போதாது, கட்-ஆஃப் வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இங்கேயும் அதேதான். கணக்காளர், மென்பொருள் மாதிரிக் கூட்டம் அதிகமுள்ள தொழில்களில் 85, 90 புள்ளியோடு அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. அதே நேரம், 2024-ல் நடந்த சுற்றுகளில் தச்சர், எலக்ட்ரீஷியன் போன்ற தொழில்களுக்கு 65 புள்ளியிலேயே அழைப்பு போனது. வெல்டரும் ஃபிட்டரும்கூட அந்த நாட்டின் திறன் தொழில் பட்டியலில் இருக்கிறார்கள்.

திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தெருவுக்குத் தெரு வெல்டரும் ஃபிட்டரும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்துப் பத்து வருடம் வேலை பார்த்த பையனிடம் எந்தக் கன்சல்டன்சியாவது "உன் தொழிலுக்கு அங்கே வழி இருக்கிறது, ஆங்கிலத்தை மட்டும் தேற்று, திறன் மதிப்பீட்டுக்குச் சான்றுகளைச் சேர்" என்று சொன்னதுண்டா? சொல்லாது. கல்லூரியில் ஆள் சேர்த்தால்தான் அவர்களுக்குக் கமிஷன். அதனால் அதே பையனிடமும் "மாஸ்டர் ஆஃப் பிசினஸ்" என்றுதான் பேசுவார்கள். வெல்டருக்கு வழி சுலபம் என்று சொல்லவில்லை. மதிப்பீடு கடுமையானது, செலவும் உண்டு. ஆனால் வீட்டை வைக்கும் அளவுக்குச் செலவு இல்லை.

இன்னொரு சிக்கல், ஆட்டம் நடக்கும்போதே விதி மாறுவது. பழைய கதை ஒன்று சொல்கிறேன். 2005-க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் சமையல் படிப்பிலும் முடிதிருத்தப் படிப்பிலும் இந்தியப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். சமையல் மேல் ஆசை வந்து அல்ல. தேவை அதிகமுள்ள தொழில்கள் என்று அரசு வைத்திருந்த பட்டியலில் அவை இருந்தன, கூடுதல் புள்ளி கிடைத்தது. 2010 பிப்ரவரி 8 அன்று அந்தப் பட்டியலையே ரத்து செய்துவிட்டார்கள். ஜூலை 1-ல் வந்த புதுப் பட்டியலில் 181 தொழில்கள். சமையல்காரரும் இல்லை, முடிதிருத்துபவரும் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்குத் தற்காலிக விசா வாங்கிக்கொள்ளக் கொஞ்ச காலம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். ஊரில் வாங்கிய கடனை எந்த அரசும் ரத்து செய்யவில்லை.

இப்போதும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல், மாஸ்டர்ஸ் முடித்தவருக்கு 485 விசாவுக்கான வயது வரம்பு 50-லிருந்து 35 ஆனது. அன்றே மாணவர் விசாக் கட்டணம் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது, அடுத்த ஆண்டு 2,000. முன்பெல்லாம் 485 முடிந்தால் ஏதாவது சின்னப் படிப்பில் சேர்ந்து காலம் தள்ளுவார்கள். அங்கிருந்தபடியே அப்படி மாறுவதையும் அதே நாளில் நிறுத்திவிட்டார்கள். கனடா போகலாமே என்பீர்கள். 2024-ல் மாணவர் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள். 2025 மார்ச்சில், வேலை உறுதிக் கடிதத்துக்குக் கொடுத்த கூடுதல் புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் படிப்புக்குப் பிறகு தங்கும் இரண்டு ஆண்டு, 2027 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு ஒன்றரை ஆண்டு. அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். மாற்றுவதற்கு உரிமை இருக்கிறது. நாம்தான் அதை மாறாத சட்டம் என்று எண்ணி வீட்டை வைக்கிறோம்.

வீடு என்றதும் நம் பகுதியின் கதை தனி. அரசு வங்கிகளில் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்து ஈடு கேட்பார்கள். குப்பத்து வீடுகளுக்கும் குடிசை மாற்று வாரிய வீடுகளுக்கும் பட்டாவோ விற்பனைப் பத்திரமோ சரியாக இல்லாதவர்கள் எத்தனை பேர்! வங்கி கைவிரிக்கும். அப்புறம் தனியார் ஃபைனான்ஸ், நகை, வட்டிக்காரர். பத்து லட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் 15 ஆண்டில் கட்ட மாதம் சுமார் 11,400 ரூபாய். நாற்பது லட்சத்துக்கு 45,000-ஐத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. பிள்ளை அங்கே டாலரில் சம்பாதித்தால் கட்டலாம். திரும்பி வந்து மணலியிலோ அம்பத்தூரிலோ வேலைக்குச் சேர்ந்தால்? முதல் வேலைச் சம்பளம் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒருவர், இன்று தொழிற்சாலைத் தொழிலாளி. அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். மகள் மெல்போர்னில் படித்து முடித்துவிட்டாள். 80 புள்ளி வைத்திருக்கிறாள், அழைப்பு வரவில்லை. விசா அடுத்த ஆண்டு முடிகிறது. "வந்துடறேன்ப்பா" என்று அந்தப் பெண் இரண்டு முறை சொல்லிவிட்டாள். இவர்தான் வேண்டாம் என்கிறார். ஏனென்றால் தெருவெல்லாம் "பொண்ணுக்கு பி.ஆர். வந்துடுச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறார். "கடன்கூடப் பரவாயில்ல டீச்சர், எல்லாரும் கேப்பாங்களே" என்றார். கேட்பவர்கள் யார்? நாம்தானே! அவள் வந்தால் "என்னம்மா, அனுப்பிட்டாங்களா?" என்று கேட்கப்போவது இதைப் படிக்கும் நம்மில் சிலர்தான். தயவுசெய்து கேட்காதீர்கள். மாஸ்டர்ஸ் படித்துவிட்டு வருகிறாள், ஜெயிலிலிருந்து வரவில்லை.

"மைலாப்பூர்க்காரங்க மூணு தலைமுறையா போறாங்க, எங்க புள்ளைங்க போனா மட்டும் தடுக்கிறீங்களா?" என்று என் தம்பி மகன் கோபித்துக்கொண்டான். நியாயமான கோபம். 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் படலம், அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியவர்கள், அது வேறு எங்காவது நல்ல காற்றில் வாழட்டும் என்று நினைப்பதை யார் குறை சொல்ல முடியும்? நம் ஆட்கள் கடல் கடப்பதும் புதிதல்ல. எண்ணூர் பர்மா நகரில் போய்க் கேளுங்கள். பர்மாவில் தலைமுறையாக இருந்தவர்கள் 1960-களில் அந்த நாட்டுக் கொள்கை மாறியதும் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். மைலாப்பூர்ப் பிள்ளைக்கு விசா முடிந்தால் திரும்பிவர ஒரு வீடு இருக்கும். நம் பிள்ளைக்கும் அது இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே அனுப்புபவர்கள், இங்கே திரும்பி வந்தாலும் வேலை கிடைக்கிற படிப்பாகப் பாருங்கள். நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி, சிவில் மாதிரி. இங்கத்திய சம்பளத்தில் கட்டக்கூடிய அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். பட்டியல் இனத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது, முதலில் அதை முயலுங்கள். பி.ஆர். பற்றி ஆலோசனை சொல்பவரிடம் ஆஸ்திரேலியக் குடிவரவு முகவர் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண் உண்மையா என்று இணையத்திலேயே பார்க்கலாம். "பி.ஆர். உறுதி" என்பதைக் கையெழுத்துப் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சை மாற்றுவார்கள், கவனியுங்கள்.

கல்லூரி அனுப்பிய கடிதமோ கடன் தாளோ புரியவில்லை என்றால் எடுத்து வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம். கமெண்டில் பிள்ளை பெயர், கடன் தொகை எதுவும் போடாதீர்கள். போன் செய்யுங்கள், மாலை நான்கு மணிக்கு மேல்.