பறக்கும் குதிரையும் பாலர் கதைகளும்

கதை கேளாத குழந்தை இல்லை. கதை சொல்லாத சமுதாயமும் இல்லை. ஆயினும், 'இந்தக் கதையைக் குழந்தைக்குச் சொல்லலாமா?' என்னும் வினா நம்மிடையே வலுவாக எழுந்துள்ளது. மாயமும் மந்திரமும் பறக்கும் கம்பளமும் பேசும் விலங்கும் நிறைந்த கற்பனைக் கதைகள் பிஞ்சு உள்ளங்களின் ஈமானுக்கு ஊறு செய்யும் என்பர் ஒரு சாரார். கதை கதைதானே, அதனால் என்ன கேடு என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் குழந்தைகளின் நலத்தையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. இதனைக் குறித்து என் கருத்தை மாணவச் செல்வங்களின் முன்னும் சமுதாயப் பெரியோர்களின் முன்னும் பணிவுடன் வைக்க விழைகிறேன்.

ஓர் அலமாரியும் ஒரு வினாவும்

மரக்காணத்து உப்பளக் கரையை அடுத்த எங்கள் சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன், இளைஞர்கள் சிலர் சேர்ந்து மதரஸாக் கூடத்தில் ஒரு புத்தக அலமாரி வைத்தனர். மாலை ஓதி முடிந்ததும் பிள்ளைகள் அங்கேயே அமர்ந்து படிப்பார்கள். அளத்திற்கு வேலைக்குச் சென்ற தாய்மார் திரும்பும் வரை அந்த அலமாரியே பலருக்குத் துணை. அதில் பஞ்சதந்திரக் கதைகளும், சிறுவர்க்கெனச் சுருக்கிய ஆயிரத்தொரு இரவுகளும், தமிழில் வந்துள்ள ஹாரி பாட்டர் நூலும் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின், ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர் அந்நூல்களைப் புரட்டிப் பார்த்தார். "சூனியத்தைச் சொல்லிக் கொடுக்கவா பிள்ளைகளை இங்கே அனுப்புறோம்?" என்று கேட்டார். யாரும் மறுமொழி கூறவில்லை. நூல்கள் சாக்கில் கட்டப்பட்டன. தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நானும் அங்கு நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. எனக்கு அலிஃப், பே கற்பித்தவர் அவர். மறுத்துப் பேச நா எழவில்லை.

வீடு திரும்பும் வழியில் என் தங்கை மகள் கையைப் பற்றிக்கொண்டு கேட்டாள்: "மாமு, பறக்குற குதிரைய மனசுல நெனச்சாலே பாவமா?" எட்டு வயதுச் சிறுமியின் அவ்வினாவிற்கு அன்று என்னிடம் விடை இல்லை. இக்கட்டுரை அவளுக்கு நான் செலுத்த வேண்டிய கடன்.

உலகெங்கும் ஒரே அச்சம்

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில எழுத்தாளர் ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூல் 1997இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நூலகங்களிலிருந்து நீக்கக் கோரி மிகுதியாக முறையிடப்பட்ட நூல்களின் பட்டியலில் அவ்வரிசையே முதலிடம் பெற்றது. 2001 இறுதியில் அந்நாட்டின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு தேவாலயத்தார் அவற்றைத் தீயிலிட்டனர். 2019இல் போலந்து நாட்டுப் பாதிரியார் ஒருவரும் அவ்வாறே செய்து, பின்னர் வருத்தம் தெரிவித்தார். 2002இல் ஐக்கிய அரபு அமீரகம் தனியார் பள்ளிகளில் அந்நூலுக்குத் தடை விதித்தது. அரபு மொழியின் செல்வமாகிய ஆயிரத்தொரு இரவுகளின் முழுப் பதிப்பே எகிப்தில் 1985இல் பறிமுதலுக்கு உள்ளானது. 2010இலும் அதன்மேல் வழக்கறிஞர் சிலர் புகார் தொடுத்தனர். எகிப்தில் கூறப்பட்ட காரணம் ஆபாசம்; பிற இடங்களில் கூறப்பட்டது சூனியம். எனினும் அடியில் கிடக்கும் அச்சம் ஒன்றே: பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சம்.

அச்சத்தில் உள்ள நியாயம்

இவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது. சூனியம் அழிவைத் தரும் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்றெனப் புகாரி, முஸ்லிம் ஆகிய நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. தவ்ஹீதை உயிரெனப் போற்றும் சமுதாயம், மந்திரக்கோலைக் கண்டு முகம் சுளிப்பது இயல்பே.

மக்கத்துக் குறைஷியருள் நள்ரு இப்னு ஹாரிஸ் என்பான், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் முதலிய பாரசீக வீரர்களின் கதைகளைக் கூறி, திருமறை கேட்க வந்தோரைத் தன்பால் ஈர்த்தான் என்பது வரலாறு. சூரா லுக்மானில் வீண்பேச்சை விலைக்கு வாங்குவோரைக் கண்டிக்கும் வசனத்திற்கு இவனையே விரிவுரையாளர் பலர் சான்று காட்டுவர். ஆயின் அவ்வசனம் எதனைக் கண்டிக்கிறது? இறைவழியினின்று மக்களைப் பிறழச் செய்யும் நோக்கத்தைக் கண்டிக்கிறது. நள்ருவின் குற்றம் கதை சொன்னதன்று. கதையைச் சத்தியத்திற்கு எதிரான படைக்கலமாக்கியதே அவன் குற்றம். இவ்வேறுபாடு மறக்கத்தக்கதன்று.

அன்னையின் பொம்மைக் குதிரை

சிறுமியின் வினாவிற்கு விடை தேடிய எனக்கு, அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு செய்தி வழிகாட்டியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போர்ப் பயணம் ஒன்றிலிருந்து வீடு திரும்புகிறார்கள். காற்றில் திரை விலக, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணியாலான இரண்டு சிறகுகள். இது என்ன என்று நாயகம் (ஸல்) வினவ, குதிரை என்கிறார்கள் அன்னை. குதிரைக்குச் சிறகா என்று வியந்து வினவ, சுலைமான் நபிக்குச் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று திருப்பிக் கேட்கிறார்கள் அன்னை. அதுகேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

அன்பர்களே, ஈண்டு நோக்குங்கள். சிலைகளை ஒழிக்க வந்த பெருமான், அவ்விளம் உள்ளம் படைத்த பொம்மைக் குதிரையின் சிறகைப் பிய்த்தெறியவில்லை, கடிந்துரைக்கவும் இல்லை, சிரித்தார்கள். அச்சிரிப்பில் அனுமதி இருந்தது, அன்பும் இருந்தது. பறக்கும் குதிரையை நினைப்பது பாவமா என்னும் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை வேறு வேண்டுவதில்லை.

நம் முன்னோர் சென்ற நெறி

நம் முன்னோரும் கற்பனைக்கு அஞ்சியவர் அல்லர். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ, நம் நாட்டுப் பஞ்சதந்திரத்தைப் பாரசீக வழியாக அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், விலங்குகள் மனிதன்மேல் ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுப்பதாகக் கதை புனைந்தனர். 1905இல் பேகம் ருகையா, பெண்கள் வானூர்தியில் பறக்கும் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை எழுதினார். அது முதலில் வெளிவந்தது நம் சென்னை நகரின் இதழொன்றில்தான்.

தமிழிலோ, 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் யாத்த ஆயிரம் மசலாவிற்கு 'அதிசய புராணம்' என்றே மறுபெயர். கிஸ்ஸா, மசலா, படைப்போர், நாமா, முனாஜாத் எனப் புது வகைகளைத் தமிழுக்கு ஈந்தது இச்சமுதாயம். விறகு வெட்டியார் கிஸ்ஸாவையும் சைத்தூன் கிஸ்ஸாவையும் இராகமிட்டுப் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் நன்னிமார்கள். அவர்களின் ஈமான் குறைந்ததாக யாரேனும் கூறுவரோ?

தொல்காப்பியரும் உரைநடை வகைகளை எண்ணுமிடத்து, உண்மைப் பொருள் இல்லாது புனைந்து கூறும் மொழிக்கு ஓர் இடம் தந்தார். யானையும் குருவியும் நட்புக் கொண்டு இன்னது செய்தன என்பது போன்ற கதையைப் பேராசிரியர் அதற்கு விளக்கமாகக் காட்டினார். புனைவைப் புனைவென்றே பெயரிட்டு ஏற்ற மொழி நம் மொழி.

எங்கள் கரையே இதற்குச் சான்று பகரும். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் அறிஞர் பலர். அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமிக்க மரங்களை, உறங்கும் ஒட்டகங்களுக்கு உவமித்தார் அந்நூலாசிரியர். நெய்தல் மணலில் பாலைவன விலங்கைப் படுக்க வைத்தது புலவரின் கற்பனை. ஈராயிரம் ஆண்டு நெருங்கியும் அவ்வொட்டகங்கள் நம் கரையில் உறங்குகின்றன. எவர் அறிவையும் அவை கெடுக்கவில்லை.

எது பொய்? எது கதை?

கதை, 'நான் கதை' என்று சொல்லிக்கொண்டே வருகிறது. பொய், 'நான் உண்மை' என்று சொல்லிக்கொண்டு வருகிறது. நம் பிள்ளைகளின் ஈமானுக்கு உண்மையான பகை எது? தகடு எழுதித் தருவதாகவும், வைத்த சூனியத்தை எடுப்பதாகவும் கூறி, ஓர் அளத் தொழிலாளியின் பருவக் கூலியைப் பறித்துச் செல்பவன் கூறும் பொய்யே. அவனைக் கண்டால் வாசல் திறந்துவிடும் நாம், அலமாரியில் உள்ள கதைப் புத்தகத்திற்கு மட்டும் வாசலை அடைக்கிறோம். கதையைக் கதையெனக் கேட்டுப் பழகிய குழந்தையே, 'இவன் விடுவது கதை' என்று நாளை அவனை இனங்காணும்.

நபிமார்களின் அற்புதங்கள் நமக்கு நம்பிக்கை. கம்பளம் பறந்தது கற்பனை. இவ்விரண்டும் வேறு வேறு என்பதைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியவர் பெற்றோரும் ஆசிரியரும். நூலை ஒளித்துவிட்டால் அப்பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை.

கசப்பு நீரை வடிப்போம்

உப்பளத்தில் பிறந்தவர் அறிவர்: பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் நீர் கசக்கும். அதனை வடிக்காது விட்டால் உப்பும் கசந்துபோகும். அதற்காக அளத்தை மூடுவார் இல்லை. கசப்பு நீரை மட்டும் வடிப்பர். கதைகளுக்கும் இதுவே முறை.

மூன்று செயல்களை வேண்டுகிறேன். ஒன்று, சிறுவர் நூல்களைத் தேரும் குழுவில் ஆலிமும் ஆசிரியரும் தாய்மாரும் இடம்பெற வேண்டும். முழுதும் படித்த பின்னரே எந்நூலையும் விலக்க வேண்டும். ஆயிரத்தொரு இரவுகளில் சிறுவர்க்கு ஒவ்வாதன பல உண்டு. அவற்றை நீக்கிய பதிப்புகளையே தரலாம். இரண்டு, கிஸ்ஸாக்களையும் மசலாக்களையும் எளிய உரைநடையில் சிறுவர்க்கு எழுதித் தர நம் தமிழ்த்துறை மாணவர் முன்வர வேண்டும். நம் கதையை நாம் சொல்லாவிடில், பிறர் கதையைப் பிள்ளை படிக்கிறது என்று குறைகூற நமக்கு உரிமையில்லை. மூன்று, இரவில் ஒரு நாழிகையேனும் பிள்ளையை அருகிருத்திக் கதை சொல்லுங்கள். கேள்வி கேட்க விடுங்கள்.

அண்மையில் அம்மூத்தவரின் இல்லம் சென்று, அன்னையின் பொம்மைக் குதிரைச் செய்தியை நினைவூட்டினேன். அவர் அறியாததன்று அது. நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "முதல்ல நான் படிச்சுப் பாக்குறேன் தம்பி, கண்ணாடி மட்டும் மாத்தணும்" என்றார். சாக்கிலிருந்து ஒரு நூல் அவர் கைக்குச் சென்றிருக்கிறது. அலமாரி இன்னும் வெறுமையாகத்தான் நிற்கிறது. எனினும் ஒரு பெரியவர் படிக்கத் தொடங்கியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளும் தொடர்வார்கள்.