செவி கொடுத்தார்; பாலம் எழுந்தது

இராமேசுவரம் செல்லும் அன்பர்கள் பாம்பன் கடலைக் கண்டதும் கைகூப்புவது வழக்கம். 1914-ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தை, 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயல் சிதைத்தது. இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலுள் வீழ்ந்தன. சீரமைக்க முதலில் 6 மாதங்கள் தரப்பட்டன; பின்னர் அது 3 மாதங்களாகச் சுருங்கிற்று.

பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன். புதிய உத்திரங்களைச் செய்து வரவழைப்பதற்கே நெடுநாள் பிடிக்கும் நிலை. அவ்வேளையில், பழைய உத்திரங்கள் கடலடியில் கிடக்கின்றன என்ற சேதி மீனவர் வாயிலாகக் கிட்டியது. படிப்பறியாதார் சொல் என்று தள்ளாமல் அவர் செவி கொடுத்தார். உத்திரங்கள் மீட்கப்பட்டு மீண்டும் தூண்களின்மேல் ஏறின. 46 நாட்களில் பாலம் சீராயிற்று.

பின்னாளில் கொங்கண் ரயில் பாதைப் பணியில், கெடு முடிய எஞ்சிய நாட்களைக் காட்டும் கடிகாரங்களை அவர் வைக்கச் செய்தார். நீண்ட சுற்றறிக்கை சொல்ல வேண்டியதை ஓர் எண் சொல்லிற்று.

அலுவலகத் திட்டமாயினும், ஆலயத் திருப்பணியாயினும், இல்லத் திருமணமாயினும் நெறி ஒன்றே. இன்ன வேலை, இன்னார் பொறுப்பு, இன்ன நாள் என்பதை ஒரே தாளில் அனைவரும் காண எழுதுக. சொன்னதைக் கேட்டவர் வாயால் திருப்பிச் சொல்லச் செய்க. தாமதத்தை மறைப்பவரைவிட, முன்கூட்டியே அறிவிப்பவரைப் பாராட்டுக. கடைசிப் பணியாளரிடமும், “உமக்குத் தெரிந்தது யாது?” என்று வினவுக. கடலடியில் கிடக்கும் உத்திரத்தை அவரே அறிந்திருக்கக்கூடும்.