அம்புக்குறியும் புயல் கூண்டும்

வரப்போவதை முன்கூட்டிச் சொல்லுகிறவர்கள் நம் நாட்டில் இரண்டு வகுப்பாராக இருக்கிறார்கள். ஒரு வகுப்பார் ஜோசியர், பஞ்சாங்கக்காரர், கைரேகைக்காரர், கிளிக்கூண்டுக்காரர் ஆகியவர்கள். மற்றொரு வகுப்பார் வானிலை நிலையங்களில் கருவிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவர்கள். முன்னவர் சொல்லுவதற்கு ஆதாரம் கிடையாது, பின்னவர் சொல்லுவதற்கு ஆதாரம் உண்டு என்பதை நாம் எத்தனையோ தடவை எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். இன்று நாம் எழுத வந்தது அதைப் பற்றியல்ல. ஆதாரமில்லாதவன் சொல்லுவது மட்டும் பாமர மக்களின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுகிறதே, ஆதாரமுள்ளவன் சொல்லுவது ஏன் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியே எழுதுகிறோம்.

சில காலத்திற்கு முன் ஒரு கடற்கரைக் குப்பத்திற்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. பக்கத்துத் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். கூட்டத்திற்கு வந்திருந்த ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, "ஐயா, மூணுன்னா மூணு நாளுல வருதுன்னு அர்த்தமா, மூணு மைலு தள்ளி நிக்குதுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுவதில் வெட்கமில்லை. நமக்கும் தெரியவில்லை. கடவுள் இல்லை என்பதற்கு இரண்டு மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, அந்த மனிதனின் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு எண்ணுக்கு அர்த்தம் தெரியவில்லை.

பிறகு அவர் வீட்டிற்குப் போனோம். சுவரில் தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கிற்று. பெரியவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளின் ஓரத்தில் இருந்த அம்புக்குறியைக் காட்டி, "இன்னிக்கு மேல்நோக்கு நாளு. தூலம் ஏத்தலாம், தென்னம்புள்ள வைக்கலாம், கெணறு தோண்டக்கூடாது" என்று தடங்கலில்லாமல் சொன்னார். அப்போதுதான் நமக்கு உறைத்தது.

இந்த அம்புக்குறியைக் கண்டுபிடித்தவன் யாராயிருந்தாலும் அவன் கெட்டிக்காரன் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். சங்கதி என்னவென்றால், 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாக மூன்று பங்கு போட்டு, ஒரு பங்கு மேல்நோக்கு, ஒரு பங்கு கீழ்நோக்கு, ஒரு பங்கு சமநோக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரோகிணியும் பூசமும் மேலே பார்க்குமாம். பரணியும் மூலமும் கீழே பார்க்குமாம். அஸ்வினியும் ரேவதியும் நேராகப் பார்க்குமாம். நட்சத்திரத்திற்குக் கண்ணும் இல்லை, கழுத்தும் இல்லை. இருந்தாலும் மேலே பார்க்கிற நாளில் வீடு கட்டு, கீழே பார்க்கிற நாளில் கிணறு வெட்டு, நேரே பார்க்கிற நாளில் மாடு வாங்கு, வண்டி வாங்கு என்று ஒரு சட்டம். இவ்வளவு பெரிய புளுகு முழுவதையும் ஒரே ஒரு அம்புக்குள் அடக்கி, கைநாட்டுக்காரனும் படிக்கும்படி அச்சுப் போட்டுவிட்டான். அதற்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ராகு காலம், எமகண்டம், குளிகை. "அநேகமாக" என்றாவது "உத்தேசமாக" என்றாவது ஒரு சொல்லை அந்தத் தாளில் எங்கேயாவது பார்க்க முடியுமா? நிமிஷக் கணக்கில் ஆரம்பமும் முடிவும் போட்டிருக்கும். சந்தேகமே இல்லாமல் அச்சடித்தால் படிக்கிறவனுக்கும் சந்தேகம் வராது என்பது அந்த வியாபாரத்தின் மூலதனம்.

1962ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகத்திற்கு அழிவு வரப்போகிறது என்று இந்தியா முழுவதும் கலவரப்பட்டதும், யாகங்களுக்காக நெய்யும் பணமும் கொட்டப்பட்டதும் நம்மில் வயது சென்ற தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். அந்தப் பயத்திற்குப் பாதிக் காரணம் படம் என்பதே நமது அபிப்பிராயம். ராசிக் கட்டத்தில் பன்னிரண்டு அறைகள். பதினோரு அறைகள் ஏறக்குறைய காலியாகக் கிடக்க, இடது பக்கத்து மகர அறை ஒன்றில் மட்டும் பெயர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றால், ஜோசியம் தெரியாதவனுக்கும் அதைப் பார்த்தவுடன் ஏதோ வெடிக்கப்போகிறது என்றுதான் தோன்றும். வெடிக்கவில்லை. பிப்ரவரி 6ந் தேதி காலையில் வழக்கம்போல் பால்காரன் வந்தான். சொன்னது பொய்த்துப் போயிற்று என்று எந்தப் பஞ்சாங்கமாவது மறுவருஷம் ஒரு வரி அச்சடித்ததா? யாகம் செய்ததால் தப்பினோம் என்று வேண்டுமானால் சொல்லியிருப்பார்கள்.

நிற்க, மற்ற வகுப்பாரின் கதைக்கு வருவோம். இதுவும் படத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்தில் பிட்ஸ்ராய் என்று ஒரு கடற்படைக்காரர் இருந்தார். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலுக்குத் தலைவர் இவர்தான். வேடிக்கை என்னவென்றால், இவர் பெரிய பைபிள் பக்தர். 1860இல் ஆக்ஸ்போர்டில் டார்வினுடைய கொள்கையைப் பற்றித் தர்க்கம் நடந்தபோது அங்கே எழுந்து அதை எதிர்த்துப் பேசியவர். அப்படிப்பட்டவரே 1854 முதல் அந்நாட்டு வானிலை இலாகாவை நடத்தி வந்தார். 1859 அக்டோபரில் "ராயல் சார்ட்டர்" என்ற கப்பல் புயலில் அகப்பட்டு ஏறக்குறைய 450 பேர் செத்த பிறகு, கரையோர ஊர்களிலிருந்து தந்தி மூலம் காற்றின் அழுத்தத்தையும் திசையையும் லண்டனுக்கு வரவழைத்து, 1861 பிப்ரவரி முதல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். தந்தி துறைமுகத்திற்கு வந்துவிடும். மீன் பிடிக்கிறவனுக்கு அதை எப்படிச் சொல்லுவது? கம்பத்தில் கித்தானால் செய்த கூம்பை ஏற்றினார். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்குத் திசைக் காற்று, கீழே பார்த்தால் தெற்குத் திசைக் காற்று. உருளையை ஏற்றினால் காற்று மாறி மாறிப் பல திசையிலிருந்தும் அடிக்கும் என்று அர்த்தம். நமது காலண்டரில் மேலே பார்க்கிற அம்பைப் போலவே இதுவும் ஒரு குறிதான். ஆனால் அந்த முனைக்குப் பின்னால் தந்தியும் பாதரசமும் இருந்தன.

அதே வருஷம் ஆகஸ்டு முதல் பத்திரிகையிலும் வானிலையை முன்கூட்டி வெளியிட்டார். இது தீர்க்கதரிசனம் அல்ல, கணக்குப் போட்டுச் சொல்லும் அபிப்பிராயம் என்று சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு பெயரும் வைத்தார். பைபிள் தீர்க்கதரிசிகளை நம்பின மனிதர், தம்மைத் தீர்க்கதரிசி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்! பலிக்காதபோதெல்லாம் பரிகசித்தார்கள். 1865இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த வருஷம் ஒரு கமிட்டி போட்டு, போதுமான ஆதாரமில்லை என்று எச்சரிக்கைகளையும் நிறுத்திவிட்டார்கள். கூம்பு வேண்டும் என்று கேட்டவர்கள் யார் தெரியுமா? கடலோடிகள். 1867இல் அது மறுபடியும் கம்பத்தில் ஏறிற்று.

நமது நாட்டிலும் 1864இல் கல்கத்தாவைப் பெரும்புயல் அழித்த பிறகு, அத்துறைமுகத்திற்கு எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் வானிலை இலாகா வந்தது. இப்போது நம் துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எண்கள் வழங்குகின்றன. குப்பத்திலிருந்து திரும்பி வந்து நாம் முதலில் தேடிப் படித்தது இதைத்தான். படித்தபோது நமக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

1ஆம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. 2 என்றால் தூரக் கடலில் புயல். 3 என்றால் இந்தத் துறைமுகத்திற்கே பலத்த காற்று வரக்கூடும். 4 என்றால் புயலே தாக்கக்கூடும். இதுவரை ஏறுவரிசைதான். 5, 6, 7 என்பவை ஏறுவரிசையல்ல! மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்தைத் தனக்கு இடது பக்கமாக விட்டுக் கடந்தால் 5. வலது பக்கமாக விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மேலேயோ வெகு பக்கத்திலோ கடந்தால் 7. கடும்புயலானால் இதே மூன்றும் 8, 9, 10. கடைசியாக 11 என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் என்று நாமும் நினைத்திருந்தோம். அது புயலின் அளவே அல்ல. எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். எண்ணை மட்டும் சொன்னால் கேட்கிறவன் எட்டைவிட ஒன்பது பெரியது என்றுதானே நினைப்பான்? எட்டும் ஒன்பதும் சொல்லுவது பக்கத்தை. அந்தப் பக்கமோ சாமானிய விஷயமல்ல. நமது கிழக்குக் கரைக்கு மேற்கு முகமாகப் புயல் வரும்போது, அதற்கு வலது பக்கத்தில் அகப்பட்ட ஊரில்தான் காற்று கடலைக் கரைமேல் தள்ளும். இடது பக்கத்து ஊரில் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். ஒருவன் வீட்டை விட்டு ஓடுவதா, படகை இழுத்துக் கட்டினால் போதுமா என்பதே இதைப் பொறுத்திருக்கிறது. இதை ஒரு கரைக்கோடும் ஒரு புள்ளியும் ஒரு அம்பும் போட்டால் குழந்தைகூடத் தெரிந்துகொள்ளும். நாமோ எண்ணைச் சொல்லிவிட்டு, ஜனங்கள் கேட்பதில்லை என்று குறைப்படுகிறோம். அன்றியும், கரையில் தொங்கும் கூண்டு ஆழ்கடலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியாது. 2017 நவம்பர் 30ந் தேதி காலையில் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒக்கி புயலாக மாறியபோது, முன்னமே கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எந்தக் கூண்டும் உதவவில்லை. திரும்பி வராதவர் பலர்.

படம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் புயல் போகக்கூடிய வழியைப் போகப் போக அகலும் கூம்பாக வரைந்து காட்டுகிறார்கள். புயலின் நடு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடவை இந்த அகலத்திற்குள் இருக்கும் என்பது அதன் அர்த்தம். ஜனங்களில் அநேகர் புயலின் உடம்பே அவ்வளவு பெரிது என்றும், கோட்டுக்கு வெளியே வீடிருந்தால் பயமில்லை என்றும் நினைத்துக்கொள்ளுகிறார்கள்.

பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கின் சனோமட் என்ற தினப்பத்திரிகை 2021இல் ஒரு புதுமாதிரி அச்செழுத்து வெளியிட்டது. வடதுருவக் கடலின் பனிக்கட்டி வருஷா வருஷம் குறைந்து வருவதைக் காட்ட, எழுத்தே உருகுகிறது. துணைக்கோள்கள் அளக்கத் தொடங்கின 1979ஆம் வருஷத்து எழுத்து தடிமனாக இருக்கிறது. வர வரக் கரைந்து, 2050க்கு உரிய எழுத்து எலும்பும் தோலுமாக நிற்கிறது. அந்த வருஷத்தில் பனிக்கட்டி 1979இல் இருந்ததில் நூற்றுக்கு 30 பங்குதான் மிஞ்சும் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுவதை வைத்து அப்படி வார்த்திருக்கிறார்கள். நல்ல வேலை, மெச்சுகிறோம். ஆனாலும் ஒரு குறை சொல்லவேண்டும். அளந்து கண்ட வருஷங்களின் எழுத்தும், இனி வரும் என்று மதிப்பிட்ட வருஷங்களின் எழுத்தும் ஒரே வார்ப்பாக இருக்கின்றன. அளந்தது எங்கே முடிகிறது, மதிப்பு எங்கே தொடங்குகிறது என்பது எழுத்தைப் பார்த்தால் தெரியவில்லை. அதைக் காட்டாமல் விடுவது பஞ்சாங்கக்காரனின் பழக்கம். நமக்கு வேண்டியவர் செய்தார் என்பதற்காக அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

இங்கேயோ தலைகீழ். நமது வானிலை இலாகாவார் சந்தேகத்தை ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். அதனாலேயே பரிகாசத்திற்கு ஆளாகிறார்கள். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்பதைக் கேலி செய்யாத டீக்கடை கிடையாது. நாமும் மேடையில் கேலி செய்ததுண்டு. ஆனால் அது வழவழப் பேச்சல்ல. ஓரிரு இடங்கள் என்றால் நூற்றுக்கு 25 பங்கு இடங்களுக்குள். சில இடங்கள் என்றால் 50க்குள். பல இடங்கள் என்றால் 75க்குள். பெரும்பாலான இடங்கள் என்றால் அதற்கும் மேல். ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. பத்திரிகைக்காரர்கள் நான்கையும் ஒரே எழுத்தில் அச்சடிக்கிறார்கள். முதலாவதை மெல்லிய எழுத்திலும் நான்காவதைத் தடித்த எழுத்திலும் போட்டால் என்ன செலவு வந்துவிடும்? நிறமும் அப்படியே. மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் காரியத்தில் இறங்கு என்று வைத்திருக்கிறார்கள். காலண்டரில் சிவப்பு என்றால் விடுமுறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு சிவப்பும் ஒன்றாகவே முடிகிறது!

முன்கூட்டிச் சொல்லுவது உயிரைக் காப்பாற்றுமா என்று யாராவது கேட்டால் ஒரிசாவைப் பார்க்கட்டும். 1999ஆம் வருஷத்துப் பெரும்புயலில் செத்தவர்கள் ஏறக்குறைய பதினாயிரம் பேர். 2013இல் பைலின் புயல் வந்தபோது முன்கூட்டியே சுமார் பத்து லட்சம் ஜனங்களை அப்புறப்படுத்தியதால் செத்தவர்கள் ஐம்பதுக்குள் நின்றார்கள். யாகத்தால் அல்ல.

நாம் இந்த மாதம் மறுபடியும் அந்தக் குப்பத்திற்குப் போகிறோம். வாலிபத் தோழர்கள் படகுத்துறைச் சுவரில் பதினோரு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் கரைக்கோடு, ஊருக்கு ஒரு புள்ளி, புயலுக்கு ஒரு அம்பு என்று வரைவதற்குச் சுண்ணாம்பும் கரியும் காவியும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 11ஆம் எண்ணுக்கு என்ன வரைவது என்று அந்தப் பெரியவர் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார். மற்றப் பத்துக் கட்டத்தையும் விட்டுத் தள்ளி, அறுந்து தொங்குகிற தந்திக் கம்பி ஒன்றை வரைந்து வைக்கும்படி சொல்லி அனுப்பியிருக்கிறோம்.