குடியம் குகையும் ஒரு கல்லும்

சென்ற சித்திரைத் திங்களில் ஒருநாள், யாம் ஐவர் திருவள்ளூர் மாவட்டத்து அல்லிக்குழி மலைகளிடையேயுள்ள குடியம் குகைகளைக் காணச் சென்றோம். விடியலிற் புறப்பட்டிருத்தல் வேண்டும், உச்சிப்பொழுதிற் புறப்பட்டோம். அப்பிழையின் பயனை வழிநெடுகத் துய்த்தோம். ஊரைக் கடந்தபின் நிழலென்பதே இல்லை. மலையிடுக்கின் வழியே நடக்குங்கால் கூழாங்கற்கள் காலின்கீழ் உருண்டன. இருபுறத்துப் பாறைகளும் வெம்மையை உமிழ்ந்தன. கொண்டுசென்ற நீர் பாதிவழியிலேயே தீர்ந்தது. மலையும் காடும் வெயிலால் தம்மியல்பு திரிந்து பாலையாகும் என இளங்கோவடிகள் கூறியதை வகுப்பறையிற் பலகால் ஓதியிருந்தோம். அதன் பொருளை அன்றே உணர்ந்தோம்.

பண்டு நீரால் உருட்டப்பட்ட கூழாங்கற்கள் இறுகிப் பாறையாகிய மலை அது. அக்கற்களைத் தட்டிச் செதுக்கியே தொல்பழங்கால மாந்தர் கருவி செய்தனர். 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் முதற் கைக்கோடரியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார், அவ்வாண்டிலேயே கொசத்தலையாற்றங்கரை அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். அங்குள்ளவற்றுட் சில ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்பது 2011இல் வெளியாயிற்று.

திரும்புங்கால், மழைநீர் ஓடிய தடத்தில் இருபுறமும் செதுக்கப்பட்ட கல்லொன்று கிடந்தது. எம்முள் ஒருவர் அதனை எடுத்து, கல்லூரிக் காட்சிப்பேழையில் வைக்கலாமென்று பையிலிட்டார். எம் அனைவர்க்கும் அவ்விருப்பமே. வழிகாட்ட வந்த ஊர்ப்பெரியவர், "வருகிறவர்களெல்லாம் ஒவ்வொன்று கொண்டுபோனால், பின்னால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள், தம்பி?" என்றார். விடை கூறவியலாது நின்றோம்.

வெயிலிற் கிடப்பதினும் பேழையில் இருப்பின் பலர் காண்பரன்றோ எனச் சிலர் வினவலாம். ஃபூட் துரையும் கற்களை எடுத்துச் சென்றாரல்லரோ எனவும் கேட்கலாம். எடுத்தார், ஆயின் இன்ன கல் இன்னவிடத்தது என எழுதியும் வைத்தார். அவர் திரட்டியவை சென்னை அரசினர் அருங்காட்சிச்சாலையை அடைந்து, இன்றும் ஆராய்வார்க்குப் பயன்படுகின்றன. யாமோ இடம் குறித்தேமல்லேம். குறிக்கும் முறையும் அறியேம். அத்திரம்பாக்கக் கருவிகளின் காலம் புலப்பட்டது, கல்லொடு அது புதைந்திருந்த மண்ணடுக்கையும் சேர்த்து ஆராய்ந்தமையாலேயாம். இடத்தினின்று பெயர்த்த கல், சுவடியினின்று உருவிய ஏட்டை ஒக்கும். ஏட்டை உருவியவன் அதனைப் பட்டிற் பொதிந்து வைப்பினும், நூலைச் சிதைத்தவனே ஆவன். தமிழ் பயிலும் யாம், செல்லரித்தும் சிதறியும் போன சுவடிகட்காக இரங்குகின்றோம். அவ்விழிவையே இக்கல்லேட்டிற்குச் செய்யலாமோ?

கல்லை எடுத்தவிடத்திலேயே வைத்து மீண்டோம். பேழை வெறுமையாயிற்றே என்னும் வருத்தம் சிறிதுமிலது என்று கூறின் பொய்யாகும்.

நண்பர்காள்! குடியத்திற்குச் செல்லுங்கள். விடியலிற் செல்லுங்கள், தலைக்குத் துணியும், வேண்டுவதாக எண்ணுவதினும் இருமடங்கு நீரும் கொள்ளுங்கள். குகைச் சுவரில் நும் பெயரை எழுதற்க. கல் எதனையேனும் காணின், கண்டவிடத்தைக் குறித்துப் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தார்க்கு அறிவியுங்கள். அறிந்தோர் அதனைப் படிப்பர். நமக்குப் பின் வருவோரும் காண்பர்.