உழவன் வாய்ச்சொல்லும் மொழிச்செல்வமே!

ஆங்கிலத்தைத் தலைமேல் வைத்துக் கூத்தாடும் நம்மவர், ஆங்கிலேயர் தம் மொழியைப் பேணிய வகையை அறிந்தாரல்லர். கேம்பிரிட்சுப் பேராசிரியர் வால்டர் சுகீட், சாசர் முதலிய இடைக்காலப் பாவலர்தம் நூல்களைப் பதிப்பித்தவர். 1882-இல் ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகரமுதலியை முடித்தவர். அப்பெரும்புலவரே, சிற்றூர் வழக்குகளைத் திரட்ட 1873-இல் தனிக்கழகம் நிறுவினார். அக்கழகத்தார் திரட்டிய சொற்களையுங் கொண்டு சோசப்பு ரைட்டு தொகுத்த வட்டார வழக்ககராதி, 1898 முதல் 1905 வரை ஆறு மடலங்களாக வெளிவந்தது. ரைட்டு யாரெனின், இளமையில் நூலாலையிற் கூலிக்கு உழைத்த ஏழைச் சிறுவன்! ஆலைநகராய் வளர்ந்த கோவை இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொங்கு நாட்டிற் கவலையேற்றம் போயிற்று, பொறி நீரிறைக்கின்றது. சால், தும்பி, வால்கயிறு என்னுஞ் சொற்களும் உடன் மறைகின்றன. விருந்தாய் வரும் உறவினரை ‘ஒரம்பரை’ என்றழைத்த நா, இன்று ஆங்கிலச் சொல்லைத் தேடுகின்றது.

1944 முதல் 1956 வரை சேலத்தில் தமிழ் கற்பித்த பாவாணர், சொல்லாராய்ச்சியையே வாழ்வாக்கிக் கொண்டார். அவர்வழி வந்தோம் என்னும் நாம் என் செய்தோம்?

கொங்கு இளைஞரே! முதியோர் கண்மூடுமுன் ஊர்தோறுஞ் செல்க. சொல்லும் பொருளும் வழங்கும் ஊரும் குறித்தெழுதுக. ஆங்கிலேயரிடமிருந்து நாம் கற்க வேண்டுவது அவர்தம் தாய்மொழிப் பற்றே!