ஐந்தாண்டுக்கு எழுதிக் கொடுத்தோமா?

ஒருமுறை ஒப்போலை பெற்றுவிட்டால், அடுத்த தேர்தல் வரையில் எம்மை எவரும் கேளற்க என்பது ஆள்வோர் பலரின் நினைப்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவனும் இடையிடையே வரப்பில் நடந்து பயிரைப் பார்த்து வருகிறான். நாட்டை ஒப்படைத்தவன் மட்டும் வாய்பொத்தி நிற்க வேண்டுமாம்!

1953-ஐ எண்ணிப் பாருங்கள். 1952 தேர்தலில் மக்கள்முன் நிற்காமலேயே, ஆளுநரால் மேலவைக்கு அமர்த்தப்பெற்று முதலமைச்சரானவர் இராசாசி. சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் பாடவேளையை நாளுக்கு மூன்று மணியாக அவர் குறைத்தார். எஞ்சிய வேளையில் சிறுவர் தந்தையின் தொழிலைப் பழகவேண்டும் என்றார். குயவர் மகன் திகிரிக்கு, வெளுப்போர் மகன் ஆற்றுத்துறைக்கு! குலக்கல்வி என்று எதிர்த்தோர் இட்ட பெயர் பொருந்திய பெயரே. பெரியாரும் தி.மு.க.வினரும் கிளர்ந்தெழுந்தனர், ஆளுங்கட்சிக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் இராசாசி விலகினார். ஏப்பிரலில் பொறுப்பேற்ற காமராசர் மே திங்களிலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார். 1957 தேர்தல் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

காத்திருந்தால்? ஐந்தாண்டு என்பது அமைச்சர்க்கு ஓர் ஆட்சிக்காலம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கோ அதுவே தொடக்கக் கல்வி முழுதும். கூட்டிய வரியை அடுத்த ஆட்சி குறைத்துவிடலாம். படியாமற் போன பருவத்தை எந்தச் சட்டமன்றம் மீட்டுத் தரும்? மீளாக் கேடு விளையுமிடத்து ஆட்சி மக்கள் சொல்லுக்கு அன்றே பணிந்தாக வேண்டும்.

கூச்சலுக்கெல்லாம் பணிவதா எனின், அன்று. கோயில்களில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க மருத்துவர் முத்துலெட்சுமி அம்மையார் 1927-இல் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தார். பழமை பேசியோர் எதிர்த்தனர். முழுத்தடை 1947-இல்தான் வந்தது. இடையில் 20 ஆண்டுகள்! எவர் வாழ்வு பறிபோகின்றதோ அவர் குரலே மக்கள் குரல். பறிக்கும் உரிமை கேட்டு எத்தனை ஆயிரவர் கூவினும் அதற்கு அப்பெயர் இல்லை.

பணிவதுபோல் காட்டும் ஆட்சியும் உண்டு. 2019 மே 31-இல், தேர்தல் முடிவு வந்த எட்டாம் நாள், நடுவணரசு வெளியிட்ட கல்விக்கொள்கை வரைவில் இந்தி பேசாத மாநிலங்களுக்கும் இந்தி இருந்தது. தமிழகம் கொதித்தது, சூன் 3-இல் அப்பகுதியைத் திருத்தினர். 2020-இல் வந்த கொள்கையிலோ மும்மொழித் திட்டம் நீங்கவில்லை. அவ்வரைவு 2018 திசம்பர் நாளிட்டது. தேர்தலுக்கு முன்பே அதனைத் தமிழர்முன் வைத்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை வெளியிட்டோரே நன்கறிவர்.