தேன்கூட்டுக்குத் தீப்பந்தம் எதற்கு?

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தேன்கூடு கண்ணில் பட்டால் போதும், அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம் கூடிவிடும். பயம் நியாயமானதுதான். மலைத்தேனீக்கள் கூட்டமாகக் கொட்டி ஆட்கள் இறந்ததும் உண்டு. ஆனால் தீர்மானம் மட்டும் எப்போதும் ஒன்றுதான்: பூச்சிமருந்து, இல்லையென்றால் தீப்பந்தம்!

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது எந்தத் தேனீ?

1. அடையே இல்லாமல் கிளையில் கொத்தாகத் தொங்குகிறதா? புது வீடு தேடும் கூட்டம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். கல் எறியாமல் இருந்தால் போதும். செலவு பூஜ்யம்.

2. சுவர்ப் பொந்திலோ மீட்டர் பெட்டியிலோ அடுக்கடுக்காக அடைகளா? இது பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ. தேனீ வளர்ப்பவர் லேசாகப் புகை காட்டி, புழு இருக்கும் அடைகளை வெட்டி, மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டியில் வைப்பார். ராணி உள்ளே வந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். இருட்டியதும் பெட்டியோடு எடுத்துப் போகலாம். பிறகு பொந்தை அடைத்துவிட வேண்டும்.

3. உயரத்தில், திறந்தவெளியில் ஒரே பெரிய அடையா? மலைத்தேனீ. பெட்டியில் அடங்காது. பூக்காலம் முடிந்தால் தானே இடம் மாறும். ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் பக்கத்து ஜன்னலை மூடி, இரவில் விளக்கை அணைத்துக் காத்திருக்கலாம். முடியாத இடத்தில் பாதுகாப்பு உடை அணிந்த அனுபவசாலி புகைபோட்டு விரட்டி அடையை எடுக்க வேண்டும். புழுக்கள் போய்விடும், கூட்டம் பிழைக்கும்.

(கதண்டு என்றால் கதையே வேறு. அதற்குத் தீயணைப்புத் துறைதான்.)

மருந்தடிப்பது மலிவு என்பார்கள். பாதிக் கணக்கை எழுதாமல் விட்டால் எதுவும் மலிவுதான்! சுவருக்குள் செத்த கூட்டம் அழுகும். காக்க ஆளில்லாத தேன் வழியும், எறும்பு மொய்க்கும். அந்த நஞ்சுத் தேனை வேறு தேனீக்கள் எடுத்துப்போய்த் தங்கள் கூட்டையும் கெடுத்துக்கொள்ளும். பழைய மெழுகு வாசனைக்கு அடுத்த கூட்டமும் அங்கேயே வரலாம். தீப்பந்தமோ மிரண்ட தேனீக்களைத் தெரு முழுக்கச் சிதறடிக்கும். ஒன்று கொட்டினால் அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றையும் கொட்டக் கூப்பிடும்.

இன்னொரு வழக்கமும் மாற வேண்டும். "தேன் கிடைக்குதில்ல, அப்புறம் காசு எதுக்கு?" என்று கூடு எடுக்க வருபவரிடம் கேட்பது. பொந்துக் கூட்டில் குடம் குடமாகவா தேன் இருக்கிறது? கொட்டு வாங்குவது அவர். பிளம்பருக்கும் லிப்ட் மெக்கானிக்குக்கும் கூலி கொடுக்கிற சங்கம் இவருக்கும் கொடுக்கட்டும். கூலி கிடைத்தால்தான் அடுத்த முறையும் ஆள் வருவார். இல்லாவிட்டால் ஊரில் மருந்துக்காரர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

உங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் பிளம்பர் நம்பர் இருக்கும். தேனீ வளர்ப்பவர் நம்பர் இருக்கிறதா?